'குறிச்சி' என்பதை 'வட்டாரம்' என்று திருத்தலாமா?

உவர்மலை வாசகன் எழுதியது:

எங்கள் கோயில் ஒன்றின் பரிபாலன சபை வெளியிடவிருக்கும் சிறப்பு மலருக்கு வந்து சேர்ந்த கட்டுரைகளையும் உபயகாரர் விபரங்களையும் ஒழுங்குபடுத்தித் தரும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மூத்தவர்கள் கைப்பட எழுதித் தந்த தாள்களில் 'பத்தாம் குறிச்சி', 'எங்கள் குறிச்சிச் சனம்', 'அடுத்த குறிச்சியாரின் உபயம்' என்று, அவரவர் குடியிருக்கும் அயலைக் குறித்து, பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. மெய்ப்புப் பார்த்த தம்பி ஒருவர் அவை அனைத்தையும் 'வட்டாரம்' என்று திருத்தித் தந்திருக்கிறார். பொறுப்பான பிள்ளை, ஏனோதானோ என்று செய்யவில்லை. அவர் இரண்டு காரணங்கள் சொல்கிறார். உள்ளூராட்சி ஆவணங்களில் இன்று வழங்குவது வட்டாரம் என்ற சொல் என்பது ஒன்று. குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊரைக் குறிக்கும் சொல் என்று தொல்காப்பியமே கூறுவதால், கடல் சூழ்ந்த திருகோணமலைக்கு அது பொருந்தாது என்பது மற்றது.

திருத்திய படியை வாசித்தபோது அந்தக் கட்டுரைகள் வேறு யாரோ எழுதியவை போல எனக்குத் தோன்றின. ஆனால் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் தோன்றியதை மட்டும் வைத்து முடிவெடுக்க நான் விரும்பவில்லை. குறிச்சி என்ற சொல் நமது மாவட்டத்தில் எதைக் குறிக்கிறது, வட்டாரம் என்ற சொல் அந்த இடத்தை நிரப்புமா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் சபைக்கும் அந்தத் தம்பிக்கும் காட்டுவேன்.

கொட்டியாரத்தான் எழுதியது:

முதலில் இலக்கணச் செய்தியைச் சரிசெய்துகொள்வோம். தொல்காப்பியத்தின் கருப்பொருள் நூற்பா தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் ஆகியவற்றைச் சொல்லி, 'அவ்வகை பிறவும்' என்று முடிகிறது. ஊர்ப்பெயர்களை அது எண்ணிக் காட்டவில்லை. கருப்பொருள் பதினான்கு என்று வகுத்து, ஊரை அவற்றுள் ஒன்றாக வைத்து, நிலந்தோறும் ஊருக்கு என்ன பெயர் என்று விரித்துச் சொல்வது நாற்கவிராச நம்பி இயற்றிய நம்பியகப்பொருள். அதன்படி குறிஞ்சிக்குச் சிறுகுடி, குறிச்சி. முல்லைக்குப் பாடி. மருதத்துக்குப் பேரூர், மூதூர். நெய்தலுக்குப் பாக்கம், பட்டினம்.

இந்தப் பட்டியலை நமது மாவட்டத்து மண்ணில் வைத்துப் பாருங்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் பக்கத்தில், வயல்கள் சூழ்ந்த இடத்தில் மூதூர் இருக்கிறது. மருதநிலத்துப் பெயர் அங்கே அச்சொட்டாகப் பொருந்துகிறது. திருகோணமலை நகரத்தின் பிரதேச செயலகம் இன்றைக்கும் 'பட்டினமும் சூழலும்' என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. நெய்தல் நிலத்துச் சொல் நெய்தலிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டினத்தின் உள்ளே, அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில், மலைநிலத்துச் சொல்லான குறிச்சியும் வழங்குகிறது. இதைப் பிழை என்று சொல்வதற்கு முன், நம்பியகப்பொருள் எதற்காக எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும். அது அகப்பாடல் புனைவதற்கான மரபு நூல். குறிஞ்சிப் பாட்டில் வரும் ஊரைப் புலவன் எப்படி அழைப்பது என்று சொல்கிறது. கடற்கரையில் குடியிருப்பவன் தன் அயலை எப்படி அழைக்கக் கூடாது என்று அது விதிக்கவில்லை. அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டால் உப்பு விளைந்த உப்புவெளியையும், சேனைப் பயிர்ச் செய்கையிலிருந்து எழுந்த சேனையூரையும் கூட ஏதோ ஒரு நிலத்துக்குள் திணிக்க வேண்டிவரும்.

பொருநைக் கரை எழுதியது:

வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கத்தவன். பிழைப்புக்காகச் சென்னையில் இருக்கிறேன். எங்கள் பக்கத்திலும் குறிச்சி மலையை விட்டு இறங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். கல்லிடைக்குறிச்சி தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் பூமியில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியோ தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் சமவெளி. அங்கே ஏறி நிற்க ஒரு குன்று தேட வேண்டும். அரவக்குறிச்சி, மொடக்குறிச்சி, ஆழ்வார்குறிச்சி, 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி என்று பட்டியல் நீளும். எந்த ஊரிலும் நிலத்தைப் பார்த்துப் பெயரை மாற்றச் சொன்னவர் இல்லை.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது, அதுதான் இந்த இழையில் என்னை நிறுத்தியது. எங்களிடம் குறிச்சி ஊர்ப்பெயரின் வாலாக மட்டுமே உயிரோடு இருக்கிறது. 'நீ எந்தக் குறிச்சி?' என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. நகரின் பகுதியைக் குறிக்க வார்டு என்கிறோம், ஏரியா என்கிறோம், தெருப்பெயரைச் சொல்கிறோம். உங்களிடம் அது பொதுப்பெயராக, எண்ணோடு சேர்ந்தும் சேராமலும், அன்றாடப் பேச்சில் இருக்கிறது. சேரி என்ற சொல்லுக்கு எங்களிடம் நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வெளியே தங்கும் இடம் புறஞ்சேரி. மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். இன்று அதை யாருடைய இருப்பிடத்துக்கும் சொல்ல முடியாதபடி பொருள் சுருங்கிவிட்டது. பேச்சில் நல்ல பொருளோடு வழங்கும் ஒரு சொல்லை, அச்சில் ஏறும் வேளையில் நீங்களாகவே எடுத்துவிட வேண்டுமா?

செயலகத் தமிழ் எழுதியது:

நான் அரச நிருவாகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். வட்டாரம் என்பது அரசின் சொல் என்று அந்தத் தம்பி கூறுவதில் உண்மை உண்டு. ஆனால் அது எதற்கான சொல் என்பதில்தான் சிக்கல்.

நமது நாட்டில் ஒருவர் எங்கே குடியிருக்கிறார் என்பதற்கு அரசிடம் ஒரே எல்லைக்கோடு இல்லை. வதிவிடச் சான்றிதழுக்கு நீங்கள் போவது கிராம உத்தியோகத்தரிடம். அவருக்குரியது கிராம உத்தியோகத்தர் பிரிவு. அதற்கு முன்பு விதானையாரின் காலம். 1963இல் அந்தத் தலைமைக்காரர் முறை ஒழிக்கப்பட்டு, கிராம சேவகர் பதவி வந்தது. இன்னொரு பக்கத்தில், உள்ளூராட்சி மன்றங்களுக்கு உறுப்பினரைத் தெரிவதற்காகப் பிரிக்கப்படும் பகுதியே வட்டாரம். இடையில் விகிதாசார முறைப்படி தேர்தல் நடந்த நீண்ட காலத்தில் வட்டாரத்துக்குத் தேர்தலில் வேலையே இருக்கவில்லை. எல்லைகள் புதிதாக வரையப்பட்டு, 2018 பெப்ரவரி 10ஆம் திகதி கலப்பு முறையில் தேர்தல் நடந்தபோதுதான் அது வாக்காளர் வாயில் மறுபடி வந்தது.

ஆகவே உங்கள் மலரில் 1960களின் நிகழ்ச்சி ஒன்றை ஒரு பெரியவர் 'பத்தாம் குறிச்சியில்' என்று எழுதியிருக்க, அதை 'பத்தாம் வட்டாரத்தில்' என்று மாற்றினால், வாசிப்பவர் இன்றைய தேர்தல் வரைபடத்தை எடுத்து அந்த இடத்தைத் தேடுவார். எண் ஒன்றாக இருப்பதால் நிலமும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடுவார். மெய்ப்புத் திருத்துபவர் எழுத்துப் பிழையைத் திருத்தலாம்; இங்கே நடந்திருப்பது இடமாற்றம். மேடையில் பேசுவதற்கு வட்டாரம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகலாம். ஊரின் வரலாறாக நிலைக்கப்போகும் மலரில் அப்படிச் செய்ய முடியாது.

கிண்ணியா மாணவி எழுதியது:

அனைவருக்கும் சலாமும் வணக்கமும். பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கிறேன். இந்தச் சொல்லைத் திருகோணமலை நகரத்தோடு மட்டும் நிறுத்திப் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. தெற்கே போகப் போக இது இன்னும் உறுதியாக வேர்விட்டிருக்கிறது. ஏறாவூர், காத்தான்குடி, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் முதலாம் குறிச்சி, இரண்டாம் குறிச்சி என்பது வீட்டு முகவரியிலேயே வரும். கல்யாணக் கடிதத்தை எடுத்துப் பார்த்தால் மணமகன் வீடு எந்தக் குறிச்சி, மணமகள் வீடு எந்தக் குறிச்சி என்பது ஊர்ப்பெயருக்கு முன்னதாகவே இருக்கும். கிழக்குக் கரை முழுவதிலும், தமிழரும் முஸ்லிம்களும் பொதுவாக வைத்திருக்கும் சொற்களில் இதுவும் ஒன்று. அதைக் கோயில் மலரிலிருந்து எடுத்துவிட்டால் எங்களோடு பகிர்ந்துகொண்ட ஒன்றையும் சேர்த்தே எடுத்துவிடுகிறீர்கள்.

எங்களிடம் மஹல்லா என்ற சொல்லும் இருக்கிறது. ஒரு பள்ளிவாசலின் நிருவாகத்துக்கு உட்பட்ட குடும்பங்கள் வாழும் பகுதி அது. திருமணப் பதிவு, ஜனாஸா, ஸகாத் ஆகிய காரியங்கள் அந்த எல்லைக்குள் நடக்கும். குறிச்சியும் மஹல்லாவும் சில இடங்களில் ஒரே நிலமாக இருக்கலாம். ஆனாலும் ஒன்றின் இடத்தில் மற்றதை யாரும் சொல்வதில்லை. பள்ளிவாசல் காரியம் என்றால் மஹல்லா. 'உங்கட வீடு எங்க?' என்றால் குறிச்சி. வட்டாரம் என்பது தேர்தல் வந்தால். ஒரே வீட்டுக்கு மூன்று சொற்கள் இருந்தும் சனம் தடுமாறவில்லை. எந்தக் காரியத்துக்கு எந்தச் சொல் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனவே இச்சொற்களை ஒரே பொருள் தரும் சொற்கள் என்று அகராதி முறையில் அடுக்குவதே சரியில்லை என்று நினைக்கிறேன்.

கரைவலைக்காரன் எழுதியது:

இலக்கணம் படித்தவர்கள் பேசுகிற இடத்தில், கடற்கரையில் வளர்ந்தவனாக இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

ஒன்று, வாடி. கரைவலைக் காலத்தில் வேறு ஊர்களிலிருந்து வரும் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் தங்கும் இடம் வாடி. கிடுகு வேய்ந்த கொட்டில். ஒரு பக்கத்தில் வலையும் கயிறும், ஒரு பக்கத்தில் அடுப்பு, மணலில் பாய். எத்தனை பேர் தங்கினாலும், எத்தனை பருவம் தொடர்ந்து வந்தாலும் அதைக் குறிச்சி என்று சொன்னவர் கிடையாது. அதே மணலில் ஒருவர் மனைவி மக்களைக் கூட்டி வந்து, குடிக்கத் தண்ணீருக்குக் கிணறு வெட்டி, மரத்தடியில் ஒரு சூலத்தை நட்டு விளக்கு வைத்து, நாலு குடும்பம் அயலில் சேர்ந்த பிறகு அந்த இடத்துக்குப் பெயர் மாறும். ஆட்கள் தங்குவது வேறு, குடும்பங்கள் அயலாகிப் போவது வேறு. இந்த வேற்றுமை குறிச்சி என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வட்டாரம் என்ற சொல்லில் அது இல்லை. வெறும் பற்றைக்காட்டையும் ஒரு வட்டாரத்தோடு சேர்த்துக் கோடு போடலாம். ஆளில்லாத குறிச்சி என்று ஒன்று இருக்க முடியாது.

மற்றது, கும்பம். நவராத்திரிக் காலத்தில் எங்கள் நகரத்தில் வைக்கும் கும்பத்தைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். கோயிலுக்குள் நடப்பதை விட, அந்தந்தப் பகுதி மக்கள் தங்கள் இடத்தில் 'கும்பத்துமால்' என்று ஒரு பந்தல் போட்டு, கும்பம் வைத்து, நாளும் பூசை செய்து, கடைசியில் இரவு நேரத்தில் அந்தக் கும்பத்தைத் தலையில் தூக்கி ஆடி வீதிவழியே கொண்டு வருவார்கள். பறை, உடுக்கு, வேப்பிலை, வீட்டு வாசலில் விளக்கும் நிறைகுடமும். எந்த ஒழுங்கை வரைக்கும் கும்பம் போகும், எந்தச் சந்தியில் திரும்பும் என்பதை யாரும் எழுதி வைத்ததில்லை; ஆனால் தூக்குபவருக்கும் தெரியும், வாசலில் காத்து நிற்கும் கிழவிக்கும் தெரியும். அந்தச் சந்திக்கு அப்பால் இருப்பது அடுத்த குறிச்சியாரின் கும்பத்துக்குரியது. குறிச்சியின் எல்லை எங்கே என்று உங்கள் சபையில் யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். இதற்கு நில அளவையாளரின் வரைபடம் தேவையில்லை.

தீவகத்தான் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவைச் சேர்ந்தவன், திருகோணமலையில் சம்பந்தம் செய்து இங்கேயே இருந்துவிட்டவன். மேலே எழுதிய அனைவரும் வட்டாரம் என்ற சொல்லைத் தேர்தல் பெட்டிக்குள் அடைத்துவிட்டது எனக்கு ஏற்புடையதாக இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தீவில் வட்டாரம்தான் ஊர். ரொறன்ரோவிலோ பாரிசிலோ ஒரு புங்குடுதீவான் காலமானால், மரண அறிவித்தலில் 'புங்குடுதீவு ஏழாம் வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும்' என்றுதான் முதல் வரி தொடங்கும். அதற்குப் பிறகே வதிவிடம் வரும். தீவை விட்டுப் போய் நாற்பது ஆண்டுகள் ஆனவரும் தன் வட்டாரத்து எண்ணை மறப்பதில்லை. வாசிகசாலை, விளையாட்டுக் கழகம், கோயில் திருவிழா, பகை, உறவு எல்லாம் வட்டாரத்தின் பேரிலேயே நடந்தன. அலுவலகத்திலிருந்து வந்த சொல்தான். ஆனாலும் நாங்கள் அதில் குடியேறிவிட்டோம். வட்டாரம் என்பது உயிரில்லாத சொல் என்று யாராவது எங்கள் தீவு மலரில் அதை வெட்டிக் குறிச்சி என்று போட்டிருந்தால், இன்று நீங்கள் பேசுவதை அப்படியே நான் திருப்பிப் பேசியிருப்பேன்.

செயலகத் தமிழ் எழுதியது:

தீவகத்தார் சொல்வதை ஏற்கிறேன். அது நம் பக்கத்து நியாயத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. சொல் அலுவலகத்தில் பிறந்ததா, பாட்டில் பிறந்ததா என்பது அளவுகோல் ஆகாது. நமது மாவட்டத்திலேயே 'கட்டை' இருக்கிறது. வீதியோரத்து மைல்கல்லைக் குறித்த அச்சொல் இன்று மூன்றாம் கட்டை, தம்பலகாமத்துத் தொண்ணூற்றொன்பதாம் கட்டை என்று குடியிருப்புகளின் பெயராகிவிட்டது. நாட்டில் கிலோமீற்றர் முறை வந்து மைல்கற்கள் பெயர்க்கப்பட்ட பிறகும், கல் இல்லாத இடத்தில் கட்டை மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. அதை யாரும் கிலோமீற்றராக மாற்றி எழுதப் போவதில்லை.

கொட்டியாரத்தான் எழுதியது:

தீவகத்தார் மரண அறிவித்தலை எடுத்தது மிகவும் பொருத்தம். பிறப்பிடம், வதிவிடம் என்ற அந்த இரட்டை வாய்பாட்டை ஈழத்துத் தமிழர் தினமும் வாசிக்கிறோம். வாசித்துப் பழகியதால் அதன் நுட்பம் கண்ணில் படுவதில்லை. வதிவிடம் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறும். கொழும்பு என்பார்கள், இலண்டன் என்பார்கள், இரண்டையும் அடுத்தடுத்துப் போடுவார்கள். பிறப்பிடத்தின் பக்கத்தில்தான் குறிச்சியோ வட்டாரமோ ஒழுங்கையோ நுணுக்கமாக வரும். வதிவிடத்துக்கு நகரத்தின் பெயர் போதும், பிறப்பிடத்துக்குப் போதாது.

எங்கள் பக்கத்து அனுபவத்தையும் சேர்க்கிறேன். 2006இல் சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா ஆகிய ஊர்களின் சனம் போரினால் இடம்பெயர்ந்து, பின்னர் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் போன்ற இடங்களில் முகாம்களில் பல ஆண்டுகள் இருந்தது. காணிகள் 2015இலும் அதற்குப் பின்னும் விடுவிக்கப்பட்டபோதுதான் பலர் திரும்பினர். இருந்த இடம் முகாம். படிவங்களில் எழுதியது தற்காலிக வதிவிடம். அங்கே பிறந்து நடை பழகிய பிள்ளையிடம் 'நீ எவ்விடம்?' என்று கேட்டாலும், பிள்ளை பார்த்தேயிராத சம்பூரைத்தான் சொல்லும். நான் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆகவே, 'மக்கள் வாழும் இடம்' என்று பொதுவாகச் சொல்லி எல்லாச் சொற்களையும் ஒரே கூடையில் போடுவது நமக்கு ஒத்துவராது. வதியும் இடம் ஒன்று, சேர்ந்த இடம் ஒன்று. குறிச்சி இரண்டாவதைச் சொல்கிறது.

சொற்பிறப்பைப் பற்றித் தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். குறித்தல் என்ற வினையோடு சேர்த்து, குறித்து ஒதுக்கிய நிலமே குறிச்சி என்று விளக்குவது காதுக்கு இனிமையாக இருக்கலாம். ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்துக்கொண்டு மலரில் அப்படி அச்சிட வேண்டாம். இன்று சனம் எங்கே, எதற்காக அச்சொல்லை ஆள்கிறது என்பதை மேலே நண்பர்கள் எழுதிய வகையில் எழுதினாலே அது கனமான கட்டுரையாகும்.

பொருநைக் கரை எழுதியது:

கும்பத்துமால் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். உங்கள் மலரில் அதற்கென்று ஒரு கட்டுரை வருமானால், எனக்கு ஒரு படி வேண்டும். அஞ்சல் செலவைத் தந்துவிடுகிறேன்.

உவர்மலை வாசகன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இழையை அச்செடுத்து அந்தத் தம்பியிடம் கொடுத்தேன். கரைவலைக்காரர் எழுதியதை அவர் இரண்டு முறை வாசித்துவிட்டு, தம் வீடு எந்தக் கும்பத்துக்கு உரியது என்று அம்மாவிடம் கேட்பதாகச் சொன்னார். சபையோடும் பேசியாயிற்று. கட்டுரைகளிலும் உபயகாரர் பட்டியலிலும் எழுதியவர் எப்படி எழுதினாரோ அப்படியே குறிச்சி நிற்கும். நகர மன்றத்துக்கு அனுப்பிய மனுக்களின் பிரதிகளில் வட்டாரம் என்றிருந்தால், அதையும் தொடப்போவதில்லை. முன்னுரையில் இரண்டு சொற்களின் ஆட்சி வேறுபாட்டையும் ஒரு பந்தியில் எழுதுகிறேன். கும்பத்துமால் கட்டுரையைக் கரைவலைக்கார அண்ணன்தான் எழுதித் தர வேண்டும், மறுக்கக் கூடாது.

மிஞ்சியிருப்பது ஒரு சிறு ஐயம். பட்டியலில் '10ஆம் குறிச்சி' என்று எண்ணில் போடுவதா, எழுத்தில் போடுவதா? எழுத்தில் என்றால் 'பத்தாம் குறிச்சி' என்று பிரித்தா, 'பத்தாங்குறிச்சி' என்று சேர்த்தா? மூத்தவர்களின் தாள்களில் மூன்று விதமும் இருக்கின்றன.

கொட்டியாரத்தான் எழுதியது:

மூன்றும் சரியே. மகர ஈறு ககரத்தின் முன் ஙகரமாகத் திரிவது புணர்ச்சி விதிப்படியும் பேச்சின்படியும் பொருந்துவதால், கட்டுரைகளில் பத்தாங்குறிச்சி என்று எழுதியவருக்கு அப்படியே விடுங்கள். உபயகாரர் பட்டியலில் மட்டும், வரிசை பார்க்க வசதியாக, 10ஆம் குறிச்சி என்று எண்ணில் போட்டு ஒரே சீராக வையுங்கள். மெய்ப்பின் அடுத்த படியை எனக்கும் அனுப்புங்கள். ஒற்று மிகும் இடங்களைப் பார்த்துத் தருகிறேன்.